வெள்ளிக்கிழமை எங்கே போவது?

2012 ஐப்பசியில் நான் டர்னராக இருந்த பட்டறையை மூடினார்கள். பம்ப்செட் உதிரிகளுக்கு ஜாப் ஒர்க் செய்த சின்னப் பட்டறை. மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஆறு பேர். அப்போது கோவைப் பக்கம் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. சென்னைக்கு மட்டும் இரண்டு மணி நேர வெட்டு. பீஸை மாட்டி, டூலை வைத்து, கடைசல் பாதி ஓடும்போது மெஷின் நின்றுவிடும். ஜெனரேட்டர் போட்டால் கிடைக்கிற கூலி டீசலுக்கே சரியாகப் போகும். ஓனர் நல்ல மனுசர். கணக்கு முடித்துப் பணம் கொடுக்கும்போது அவர் கை நடுங்கியது.

மறுநாளும் ஏழரைக்கு வீட்டுக்காரி டிபன் கட்டிக் கொடுத்தாள். வேலை போனது அவளுக்குத் தெரியும், தெருவுக்குத்தான் தெரியக் கூடாது. தூக்கை வாங்கிக்கொண்டு எங்கள் ஊரான கிணத்துக்கடவு நூலகத்துக்குப் போனேன். டீக்கடையில் உட்கார்ந்தால் "ஏனுங்க, இன்னைக்கு வேலைக்குப் போகலீங்களா?" என்பார்கள். கோயில் திண்ணையிலும் கேட்பார்கள். நூலகத்தில் பேப்பரை விரித்து வைத்தவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த நிம்மதிக்காகத்தான் போனேன், படிக்க அல்ல.

மூன்றாவது வாரம் நகக்கண்ணில் இருந்த கறுப்பு போய்விட்டது. பதினெட்டு வருசம் சோப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் போகாத கறுப்பு. கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

முதலில் எடுத்தவை வெற்றிக்கு வழி சொல்லும் புத்தகங்கள். வேலை போனவனுக்கு எல்லோரும் அவற்றைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் 'உன்னை மாற்றிக்கொள்' என்றன. நானும் என் குறைகளைக் கூட்டிப் பார்த்தேன்: கணினியில் ஓடும் சி.என்.சி. மெஷினைக் கற்காதது, பத்தாவதோடு நின்றது, நாலு பேரிடம் பேசிப் பழகாதது. படிக்கப் படிக்க, பட்டறை மூடியதற்கே நான்தான் காரணம் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' கைக்கு வந்தது. நெல்லைச் சீமைக் கைத்தறி நெசவாளர்களின் கதை, 1950களின் தொடக்கத்தில் வந்த நாவல். நூல் கிடைக்காமல் தறி நிற்கிறது, தறி நின்றதும் அடுப்பும் நிற்கிறது. அந்த நெசவாளி சோம்பேறி அல்ல, தொழில் தெரியாதவனும் அல்ல. அவன் கைக்கு எட்டாத எங்கேயோ எடுத்த முடிவு அவன் தறிக்குழி வரை வந்திருக்கிறது. அவனுக்கு நூல், எனக்குக் கரண்ட். புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். வெட்கம் அன்றைக்குத்தான் இறங்கியது. சாயங்காலம் தெருவில் கேட்டவரிடம், "பட்டறையை மூடிட்டாங்க, வேற வேலை பார்க்கோணும்" என்று முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

அதன் பிறகு ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942இல் வந்த புத்தகம். அதில் என் ஆத்தா பேசுகிற பேச்சு இருந்தது. நம் பேச்சை அச்சில் பார்த்தவனுக்கு, தானும் எழுதலாம் என்ற எண்ணம் வருவது இயற்கை. நாங்கள் நடத்தும் இந்த இதழின் விதை அது. சி.என்.சி. புரோகிராமிங்கையும் அந்த நூலக மேசையில்தான் கற்றேன், மறைக்கவில்லை. ஐந்தாம் மாதம் வேலை கிடைத்தது அதனால்தான். ஆனால், தன்மேல் பழி போட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு எந்தப் பாடமும் மண்டையில் ஏறாது. முதலில் நாவல், அப்புறம்தான் மேனுவல். என் அனுபவத்தில் அதுதான் வரிசை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகளில் ஐந்து கோவையில் இருக்கின்றன. பங்கஜா, முருகன், கம்போடியா, ரங்கவிலாஸ், ஸ்பின்னிங் அண்ட் வீவிங். 2020 மார்ச்சில் ஊரடங்குக்கு நிறுத்திய இயந்திரங்களை ஊரடங்கு முடிந்த பிறகும் பழையபடி ஓட்டவில்லை. தொழிலாளிக்கு முதலில் பாதிச் சம்பளம் வந்தது, பிறகு அதுவும் தடைபட்டது. ஆலை இருக்கிறது, வேலை இல்லை. இந்த நிலையில் வருசக் கணக்காக நிற்கிறவர்களிடம் 'உன்னை மாற்றிக்கொள்' என்று புத்தகத்தை நீட்டுவது கொடுமை. புத்தகம் சம்பளத்துக்கு ஈடாகாது. கூலி பாக்கிக்கான போராட்டத்தில் இந்த இதழ் அவர்கள் பக்கம்.

அதே நேரம், பகலில் அவர்கள் உட்கார நூலகத்தில் ஒரு மேசை வேண்டும். அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. கொண்டுவந்த கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் நம் கொங்கு மண்ணின் பிள்ளை. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாக இன்றும் கட்டுகிறோம். வேலையில்லாதவன் வீட்டிலும் அந்த ரசீது இருக்கிறது.

2024 நவம்பரில் கோவை மாநகரில் பெரியார் பெயரில் பெரிய நூலகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மனம் நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் சம்பளம் இல்லாதவன் கிணத்துக்கடவிலிருந்து உக்கடம் போய், அங்கிருந்து பஸ் மாறிப் போய்வர, தினமும் பஸ் காசுக்கு வீட்டில் கை நீட்ட முடியாது. அவனுக்கு நூலகம் நடந்து போகிற தூரத்தில் வேண்டும், அதுவும் பகல் முழுக்கத் திறந்திருக்க வேண்டும்.

நான் போன காலத்தில் நூலகத்தை மதியம் பூட்டிவிட்டு மாலையில் திறப்பார்கள். அந்த இடைவேளையில் ரயில் ஓடாத ஸ்டேஷன் பக்கம் மரத்தடியில் டிபனைத் தின்பேன். அகலப்பாதை வேலைக்காக அப்போது தண்டவாளமே இல்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று தூக்கோடு எங்கள் ஊர்ப் பொன்மலைக் கோயில் படியேறுவேன். வெள்ளியானால் வேலாயுதசாமியைப் பார்க்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வருவார்கள். படிக்கட்டின் ஓரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஊர்ப்புற நூலகங்களை மதியத்திலும் பூட்டாமல் வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை ஒரு வாசிப்பறையையாவது திறக்க வேண்டும், கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் ஆளைச் சம்பளத்துக்குப் போட வேண்டும். இந்த மூன்றையும் கேட்டு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு மனு எழுதியிருக்கிறோம். இதழ் வாங்கும் கடைகளிலேயே மனுவும் இருக்கிறது. தக்காளி மார்க்கெட்டுக்கு வருகிறவர்கள் ஏலம் முடிந்ததும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.