இறகின் நிறம் முட்டைக்குச் சாட்சி அல்ல

நீல முட்டையிடும் கோழி வாங்க விசாரிப்பவர்களிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: அபூர்வ நிறக் கோழியே அசல், இறகின் நிறம் எவ்வளவு அரிதோ, முட்டையின் நீலமும் அவ்வளவு சுத்தம், விலை கூடினாலும் அதையே வாங்கு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அரவ்கானா, அமெரவ்கானா இனக் குஞ்சுகளும் அடைமுட்டைகளும் லாவெண்டர், ஸ்ப்ளாஷ், வீட்டன் என்று இறகு நிறத்தின் பெயரிலேயே விலைபோகின்றன. இந்தப் பேச்சு தவறு. பணம் இழப்பதோடு நின்றுவிடாத தவறு. அரிய நிறத்தைத் துரத்துகிற மந்தைகளில்தான் நீல முட்டை கைநழுவிப் போகிறது.

ஒரு முட்டையை உடைத்து, ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை உரித்துப் பாருங்கள். பழுப்பு முட்டையாக இருந்தால் உட்புறம் வெள்ளையாக இருக்கும். அதன் நிறம் கடைசிக் கட்டத்தில் மேலே பூசப்பட்டது. நீல முட்டையின் ஓடு உள்ளும் புறமும் நீலம். பிலிவெர்டின் என்ற பித்த நிறமி, ஓடு உருவாகும்போதே அதில் கலந்துவிடுகிறது. ஆலிவ் பச்சை முட்டையை உடைத்தால் உள்ளே நீலம், வெளியே பழுப்புப் பூச்சு என்று இரண்டும் தனித்தனியாகத் தெரியும். இந்த நீலத்துக்குக் காரணம் என்ன என்பது 2013ல் தெளிவானது. பழைய ரெட்ரோவைரஸ் ஒன்றின் துண்டு, கோழியின் முதல் குரோமோசோமில், எஸ்எல்சிஓ1பி3 என்ற மரபணுவுக்கு அருகே செருகிக்கொண்டிருக்கிறது. அது இருந்தால் கருப்பையில், அதாவது ஓடு உருவாகும் இடத்தில், அந்த மரபணு வேலை செய்யத் தொடங்குகிறது. தென் அமெரிக்கக் கோழிகளிலும் சீனத்து டோங்ஷியாங், லுஷி கோழிகளிலும் இந்தச் செருகல் தனித்தனியாகவே நடந்திருக்கிறது. இதில் இறகுக்கு எந்தப் பங்கும் இல்லை. டோங்ஷியாங் கோழி கன்னங்கறுப்பு, முட்டை நீலம்.

தோலின் நிறமும் இறகின் நிறமும் முட்டையில் இறங்கும் என்ற நம்பிக்கை நமக்கும் புதிதல்ல. கருங்கோழி என்று நாம் சொல்லும் கடக்நாத் கறுப்பு முட்டை இடும் என்று படங்கள் சுற்றுகின்றன. அதன் முட்டை இளம்பழுப்பு. காது மடல் வெள்ளையாக இருந்தால் வெள்ளை முட்டை, சிவப்பாக இருந்தால் பழுப்பு முட்டை என்ற கணக்கும் சில இனங்களோடு சரி. அரவ்கானாவின் மடல் சிவப்பு.

அடுத்த வாதம்: தோற்றத்தில் அபூர்வமாக இருப்பதே பழைய, கலப்பில்லாத வம்சத்தின் அடையாளம். இந்த மயக்கம் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஸ்பானியக் கோழியியல் அறிஞர் சால்வடார் காஸ்டெல்லோ 1914ல் சிலியில் கண்ட பறவைகளுக்கு வால் இல்லை, காதருகே இறகுக் குஞ்சம் இருந்தது, முட்டை நீலம். 1921ல் ஹேக் நகரில் நடந்த உலகக் கோழி மாநாட்டில் அவற்றைத் தனி உயிரினமாகவே அவர் முன்வைத்தார். பின்னர் அவரே அதைத் திருத்திக்கொண்டார். அவர் பார்த்தது இரண்டு வகைகளைக் கலந்து உருவாக்கிய மந்தை. சிலியின் மபூச்சே பழங்குடி மக்கள் வளர்த்த கொயோன்கா என்ற வாலில்லாக் கோழியிடமிருந்து நீல முட்டை வந்தது. குஞ்சம் வந்தது கெத்ரோ என்ற இன்னொரு வகையிடமிருந்து; அதன் முட்டை நீலமே அல்ல. எந்த அடையாளத்தை வைத்து உலகம் நீல முட்டைக் கோழியை இனம்கண்டதோ, அந்த அடையாளமே நீலம் இல்லாத வகையிலிருந்து வந்தது.

குஞ்சத்துக்கு ஒரு கொடுமையான விலையும் உண்டு. குஞ்சத்து மரபணு இரண்டு பிரதிகள் சேர்ந்த கரு, பொரிக்கச் சில நாட்கள் இருக்கும்போது ஓட்டுக்குள்ளேயே இறந்துவிடும். குஞ்சமுள்ள சேவலையும் குஞ்சமுள்ள பெட்டையையும் இணைத்தால் கால் பங்குக் கருக்கள் நிச்சயமாகப் போகும். ஒரே பிரதி உள்ளவற்றிலும் சில தப்பாது. "இருபுறமும் குஞ்சம், இரு பெற்றோரும் குஞ்சம்" என்று பெருமையாக விற்கப்படும் அடைமுட்டைகளை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் குஞ்சமில்லாத பறவையை வைத்து இணைப்பவரே பொறுப்பான வளர்ப்பாளர்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு இனத்தில் இல்லாத நிறம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் வேறு இனத்திலிருந்துதான். நீல முட்டைக்கு இரண்டு பிரதிகள் வைத்திருக்கும் கறுப்பு அமெரவ்கானாவை, பழுப்பு முட்டையிடும் லாவெண்டர் ஆர்பிங்டனோடு இணைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். லாவெண்டர் ஒடுங்கு பண்பு. முதல் தலைமுறை முழுவதும் கறுப்பு, முட்டை பச்சை. அவற்றைத் தமக்குள் இணைத்தால் நான்கில் ஒன்று லாவெண்டர். அந்த லாவெண்டர் குஞ்சுகளில் நீலத்துக்கு இரண்டு பிரதியும் உள்ளவை நான்கில் ஒன்றுதான். மொத்தத்தில் 16 குஞ்சுக்கு ஒன்று. அந்த ஒன்றும் தெளிந்த நீலம் இடும் என்று சொல்ல முடியாது. பழுப்புப் பூச்சு பல மரபணுக்களின் கூட்டு வேலை, அதைக் களையத் தலைமுறைகள் ஆகும். இந்த இடைக்காலத்தில்தான் "அபூர்வ லாவெண்டர்" என்று குஞ்சுகள் சந்தைக்கு வருகின்றன. வாங்குகிறவர் கூடுதல் விலை கொடுப்பது புதுக் கலப்புக்கு.

லாவெண்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனின் வாலுள்ள லாவெண்டர் அரவ்கானா, 1930களில் ஸ்காட்லாந்தில் ஜார்ஜ் மால்கம் உருவாக்கியது, இன்றும் நிலைத்திருக்கிறது. நிறத்தைக் கொண்டுவந்தபின் முட்டையையும் தலைமுறைதோறும் கவனித்தால்தான் அது சாத்தியம். லாவெண்டரைத் தொடர்ந்து லாவெண்டரோடு இணைத்தால் இறகின் தரம் கெடும். அவ்வப்போது கறுப்போடு சேர்க்க வேண்டியிருக்கும். அந்தக் கறுப்பு அதே இனத்து, நீல முட்டை வம்சத்துப் பறவையாக இருக்க வேண்டும்.

நீல நிற இறகு கொண்ட கோழி பற்றிய வாக்குறுதி இன்னும் எளிதாக உடையும். நீலமும் நீலமும் சேர்ந்தால் பாதிக் குஞ்சுகள் நீலம், கால் பங்கு கறுப்பு, கால் பங்கு ஸ்ப்ளாஷ். இந்த இணைப்பில் எல்லாக் குஞ்சும் நீலம் என்று ஒருவர் உறுதி கொடுத்தால், அவருக்குத் தன் பறவையைத் தெரியவில்லை.

"நீல முட்டை ஓங்கு பண்பு, ஆகவே கவலை வேண்டாம்" என்பார்கள். ஓங்கு பண்பு என்பது உண்மை. கேம்பிரிட்ஜின் ரெஜினால்ட் பன்னெட் 1933லேயே இதை எழுதிவிட்டார். ஆனால் ஒரே பிரதி வைத்திருக்கும் பெட்டையும் நீலமாகவே இடும், சற்று வெளிறி. அதை வெள்ளை முட்டை வம்சத்துச் சேவலோடு விட்டால் மகள்களில் பாதி வெள்ளை முட்டைதான் இடும். சேவல் விஷயத்தில் இது இன்னும் சிக்கல், அது முட்டையே இடாது. மந்தையின் பாதி மரபு அதனிடம் இருக்க, அதைத்தான் இறகு பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சேவலைச் சோதிக்கப் பழைய வழி ஒன்று உண்டு: வெள்ளை முட்டையிடும் லெகார்ன் பெட்டைகளோடு இணைத்து, மகள்கள் முட்டையிடும் வரை ஆறேழு மாதம் காத்திருப்பது. ஒரே பிரதி உள்ள சேவலுக்கு 8 மகள்களும் நீலம் இட வாய்ப்பு 256ல் ஒன்றுதான். இப்போது இறகு அல்லது ரத்த மாதிரியில் மரபணுச் சோதனையும் செய்கிறார்கள். அரிய நிறத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை அதற்குக் கொடுக்கலாம்.

கொண்டை ஓரளவு துப்பு தரும். பட்டாணிக் கொண்டை மரபணுவும் நீல முட்டை மரபணுவும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருப்பதால் பெரும்பாலும் சேர்ந்தே போகும். எனவே பட்டாணிக் கொண்டையுள்ள அமெரவ்கானாவின் கலப்பில் ஒற்றைக் கொண்டைக் குஞ்சு பிறந்தால் அதன் முட்டையைச் சந்தேகிக்கலாம். ஆனால் கேம்பிரிட்ஜில் உருவான கிரீம் லெக்பாருக்கு ஒற்றைக் கொண்டை, முட்டை நீலம். வம்சம் தெரியாமல் கொண்டையை நம்புவதும் வீண். அதே லெக்பாரில் குஞ்சின் இறகு ஓர் உண்மையைச் சொல்கிறது: பொரித்த அன்றே சேவலா பெட்டையா என்று நிறத்தைப் பார்த்துப் பிரிக்கலாம். முட்டையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

நீல முட்டையில் கொலஸ்ட்ரால் குறைவு என்பதை ஒரே வரியில் முடித்துவிடலாம். 1970களில் அமெரிக்காவில் அரவ்கானா முட்டைகளைச் சோதித்தபோது குறைவாக இல்லை.

அமெரிக்கக் கோழிச் சங்கம் அரவ்கானாவை 1976லும் அமெரவ்கானாவை 1984லும் அங்கீகரித்தது. ஆனாலும் பொரிப்பகங்கள் பல, ஈஸ்டர் எக்கர் என்ற கலப்புக் கோழிகளை இந்தப் பெயர்களிலேயே விற்றுவந்திருக்கின்றன. பச்சை நிறக் கால் இருந்தால் அது அமெரவ்கானா அல்ல; அதன் கால் கருஞ்சாம்பல். படத்தை நம்ப வேண்டாம். பருவத்தின் முதல் முட்டைகள் அடர்ந்த நீலமாக இருக்கும், போகப்போக வெளிறும். விற்பவர் காட்டுவது முதல் வாரத்து முட்டை. சேவலின் தாயும் உடன்பிறந்த பெட்டைகளும் என்ன முட்டை இட்டன, பருவக் கடைசியில் அவற்றின் நிறம் என்ன, இந்த இறகு நிறம் எந்த இனத்திலிருந்து எத்தனை தலைமுறைக்கு முன் வந்தது, மந்தை புல்லோரம் நோய்ச் சோதனையில் தேறியதா என்று கேளுங்கள். பிறகு அந்த மந்தையிலிருந்தே ஒரு முட்டை வாங்கி, அங்கேயே உடைத்து, சவ்வை உரித்து உட்புறத்தைப் பாருங்கள்.