தூதுவர் வரைந்த கடிதங்கள்

வேந்தன் கேட்க விரும்புவதை விடுத்து, அவன் அறியவேண்டியதை உரைப்பவனே நல்ல தூதன். தூதின் இலக்கணம் கூறத் திருக்குறள் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கின்றது. அவ்விலக்கணத்துக்குச் சென்ற நூற்றாண்டில் இலக்கியமாய் அமைந்தவர் ஜோன் கென்னத் கல்பிரெய்த்.

ஹாவார்ட் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியரான அவரை அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1961 இல் புதுடில்லிக்குத் தூதுவராக அனுப்பினார். இராஜாங்கத் திணைக்களத்தின் வழியாகச் செல்லும் அறிக்கைகளோடு அவர் அமையவில்லை. ஜனாதிபதிக்கே நேராகக் கடிதம் வரைந்தார். நகைச்சுவை ததும்பும் அக்கடிதங்களைக் கென்னடி விரும்பிப் படித்தார்.

ஆயினும் அவற்றுள் கசப்பு மருந்தும் கலந்திருந்தது. 1961 நவம்பரில் சைகோன் சென்று நிலைமையை நேரிற் கண்ட கல்பிரெய்த், வியட்நாமுக்குப் போர்ப்படை அனுப்பலாகாது என எழுதினார். அரசியல் இணக்கமே வழியென 1962 ஏப்ரிலில் மீண்டும் வற்புறுத்தினார். கென்னடி போர்ப்படையை அனுப்பினாரல்லர்; ஆனால் இராணுவ ஆலோசகரின் தொகையை ஏறக்குறைய 16,000 வரை பெருக்கினார். 1963 இல் அவர் கொல்லப்பட்டார். 1965 இல் படைகள் சென்றன. 1975 இல் போர் ஓய்ந்தபோது மாண்டிருந்த அமெரிக்கர் 58,000 பேருக்கு மேல். வியட்நாமியரோ பல இலட்சம்.

அக்கடிதங்கள் 1998 இல் நூலுருப் பெற்றன. போரின் விலையை இல்லந்தோறும் அறிந்த மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து நோக்குவோர்க்கு ஒன்று நெஞ்சை உறுத்தும். உண்மையை எழுத ஒருவர் இருந்தார்; அதைப் படிக்கவும் ஒருவர் இருந்தார். ஆனால் கடிதத்தை இரசிப்பது வேறு, அதன் வழி நிற்பது வேறு.