பழைய லேப்டாப்புக்கு மூளை மாற்றலாமா?

"லேப்டாப் ரொம்ப மெதுவா ஓடுது. பிராசசரை மாத்திட்டா புதுசு மாதிரி ஆயிடுமா, சார்?" என்று எங்கள் தெருப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். 'புதுசு வாங்கித் தா' என்று அப்பாவை நச்சரிக்காமல், இருப்பதைச் சரிசெய்யப் பார்க்கிறார்களே, அதற்கே ஒரு சபாஷ்! ஆனாலும், முதலில் பிராசசரைத் தொடாதீர்கள் என்பதுதான் என் பதில்.

ஏன் தெரியுமா, குழந்தைகளே? பிராசசர்தான் கம்ப்யூட்டரின் மூளை என்று படித்திருப்பீர்கள். சரிதான். வகுப்பிலேயே கெட்டிக்காரப் பையன் ஒருவன். அவனுடைய புத்தகமோ நாலு தெரு தள்ளி வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கணக்குக்கும் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றால், அவன் எப்போது கணக்குப் போட்டு முடிப்பான்?

பழைய லேப்டாப்பில் அந்தத் தூரத்து வீடுதான் ஹார்டு டிஸ்க். பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிற ஒரு தட்டு அதற்குள் இருக்கிறது. சின்ன முனை ஒன்று அதன் மேல் அங்கும் இங்கும் நகர்ந்து தகவலைத் தேடி எடுக்கும். அதுவரை பிராசசர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். இதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் சுற்றுவதும் இல்லை, தேடி அலைவதும் இல்லை.

எது மெதுவாக்குகிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். விண்டோஸ் 10 உள்ள லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, சி.பி.யூ. 20 சதவீதத்தில் தூங்கினால், குற்றவாளி பிராசசர் அல்ல! மெமரி நிரம்பி வழிந்தால் ராம் போதவில்லை. சி.பி.யூ.தான் எந்நேரமும் 100-ஐத் தொடுகிறது என்றால் மட்டும் பிராசசரைப் பற்றிப் பேசலாம்.

அப்போதும் எல்லா லேப்டாப்பிலும் மாற்ற முடியாது. லெனோவா 2012-ல் வெளியிட்ட திங்க்பேட் டி430-ல் முடியும். அதன் பிராசசர் 988 ஊசிகளோடு ஒரு சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். ஒரு திருகைத் திருப்பினால் கையோடு வந்துவிடும். அதில் ஐ3-3110எம் இருந்தால், ஐ5-3320எம் போடலாம். முன்னது 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. பின்னது தேவைப்பட்டால் 3.3 வரை போகும். இரண்டுக்கும் 35 வாட்தான் என்பதால் பழைய விசிறியே சூட்டைச் சமாளிக்கும். புதிதாகத் தெர்மல் பேஸ்ட் தடவ மறக்கக் கூடாது. ஓர் ஊசி வளைந்தாலும் வம்பு. ஆகவே பழகிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இந்த ஐ5-ம் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். அது இலவசம்.

இன்டெலின் 5-ஆம் தலைமுறையிலிருந்து, லேப்டாப்புக்கென்றே செய்த பிராசசர்கள் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டே வருகின்றன. சில லேப்டாப்களில் ராமும் அப்படித்தான். லேப்டாப் மெலிதாக இருக்க வேண்டுமாம்! நோட்டு மெலிதாக இருக்கட்டும் என்று தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் எப்படி எழுதுவது? எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒரு சில்லு போனால் முழு மதர்போர்டையே மாற்று என்கிறார்கள். அதற்குப் பயந்து பலர் லேப்டாப்பையே குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

அடுத்த முறை வீட்டில் லேப்டாப் வாங்கப் போனால் நீங்களும் கூடப் போங்கள். நிறத்தைப் பற்றிப் பிறகு கேட்கலாம். "அண்ணே, இதுல ராம், டிஸ்க் ரெண்டையும் பின்னாடி மாத்த முடியுமா?" என்று முதலில் கேளுங்கள். பதில் வரும்வரை அப்பாவைப் பணத்தை எடுக்க விடாதீர்கள்!