சிறைக்கதவு திறவாமல் அமைதி நுழையாது

போர் நின்றுவிட்டதென்பதை ஆள்வோர் தாளில் கையெழுத்திட்டு அறிவிக்கின்றனர். மக்கள் அதனை அவ்வாறு அறிவதில்லை. சிறைக்குப் போன மகன் வீடு வந்து சேர்ந்தானா என்பதொன்றே அவர்கட்குப் போர் நின்றமைக்கும் நில்லாமைக்கும் அடையாளம். ஆள்வோர் தாளைக் காட்டுவர். தாய் தன் வெறும் வாயிலைக் காட்டுவாள். சிறைப்பட்டோரை மறந்து எழுதப்பெற்ற அமைதி எந்நாட்டிலும் நிலைத்ததாக வரலாறு இல்லை.

இவ்வுண்மையை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பின்னலாடை நகராகிய திருப்பூரில், தொடர்வண்டி நிலையத்திற்கு அருகில், குமரனின் நினைவிடம் இருக்கின்றது. தொழிலாளர் நாள்தோறும் அதனைக் கடந்து பணிக்குச் செல்கின்றனர். கொடி காத்தவன் என்று அவனைப் போற்றுவோர் பலர். அவன் அன்று ஏன் தெருவில் இறங்கினான் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். 1931 மார்ச்சு 5-இல் காந்தியாரும் ஆங்கில அரசின் பேராளர் இர்வினும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். வன்முறைக் குற்றம் சாற்றப்பெறாத சிறையாளிகள் விடுவிக்கப்பெற்றனர். மற்றவர்கள் உள்ளேயே விடப்பெற்றனர். கையெழுத்தின் மை உலரு முன், மார்ச்சு 23-இல், பகத்சிங்கும் அவன் தோழர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். 1932 சனவரி 4-இல் காந்தியாரே மீண்டும் சிறைப்பட்டார். அவ்வடக்குமுறையை எதிர்த்துச் சனவரி 10-இல் திருப்பூரில் புறப்பட்ட ஊர்வலத்தில்தான் குமரன் காவலரின் தடியடியில் தலை உடைந்து வீழ்ந்தான். மறுநாள் உயிர் துறந்தான். சென்னிமலையில் நெசவுக் குடியில் 1904-இல் பிறந்தவன்; முப்பது அகவையும் எட்டாதவன். பாதி திறந்த சிறைக்கதவு பத்துத் திங்களுக்குள் மீண்டும் அறைந்து சாத்தப்பட்டதன் விளைவு அது.

பின்னல் துணியில் ஓரிடத்தில் இழை அறுந்தால், அங்கிருந்து துணி நெடுகப் பிரிந்து ஓடும் என்பதைத் திருப்பூர்த் தொழிலாளிக்கு எவரும் சொல்லித் தர வேண்டுவதில்லை. அமைதி உடன்பாடுகளில் அவ்வாறு அறுபடும் இழை சிறைப்பட்டோர் பற்றியதே.

பாலத்தீனத்தைப் பாருங்கள். 1945-இல் ஆங்கிலேயர் அங்கு இயற்றிய நெருக்கடிக்கால ஆணைகள் யூதரையும் அரபியரையும் வழக்கின்றிச் சிறையிட உதவின. அவற்றால் தாமும் துன்புற்ற யூதர், தமக்கென ஓர் அரசு அமைந்ததும் அவற்றைத் தூக்கியெறியவில்லை. தம் கையில் வாங்கிக்கொண்டனர். ‘ஆட்சித்துறைக் காவல்’ என்னும் பெயரால் பாலத்தீனன் ஒருவனைக் குற்றச்சாற்று ஏதுமின்றி ஆறு திங்கள் அடைத்து வைக்கலாம். அது முடிந்ததும் அதே ஆணையைப் புதுப்பிக்கலாம். எத்தனை முறை என்பதற்கு வரம்பில்லை. அவனுக்கு எதிரான சான்றுகளை அவனுக்குக் காட்ட வேண்டுவதுமில்லை!

1993 செபுதம்பர் 13-இல் கையெழுத்தான ஆசுலோக் கொள்கை அறிக்கை சிறைப்பட்டோரைப் பற்றி வாய் திறக்கவில்லை. இருபதாண்டு கழித்து, 2013-இல், அமெரிக்கா இடைநின்று நடத்திய பேச்சின்போது, ஆசுலோவுக்கு முன்பே சிறை புகுந்த 104 பேரை நான்கு பகுதியாக விடுவிக்க இசுரேல் இசைந்தது. மூன்று பகுதியினர் வெளிவந்தனர். நான்காம் பகுதியினர் 2014 மார்ச்சு இறுதியில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அடுத்த திங்களே பேச்சு முறிந்தது.

பின்னர் 2023 அக்தோபர் 7-இல் அமாசு இயக்கத்தார் ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்று, 250 பேரளவில் பிணையாகக் கவர்ந்து சென்றனர். இசுரேல் தொடுத்த போரில் இரண்டாண்டுகளில் காசாவில் 60,000-க்கும் மேற்பட்டோர் மாண்டதாக அங்குள்ள நலத்துறை கணக்கிட்டது. இத்துணை அழிவுக்கும் பின், 2025 அக்தோபர் 13-இல் நடந்ததென்ன? உயிரோடு எஞ்சிய 20 பிணையாளிகள் வீடு திரும்பினர். பாலத்தீனர் ஏறத்தாழ 1,950 பேர் சிறையினின்று வெளிவந்தனர். அன்றும் மர்வான் பர்கூத்திக்குக் கதவு திறக்கவில்லை. 2002-இல் சிறைப்பட்ட அவர், 2006-இல் சிறைக்குள்ளிருந்தே வெவ்வேறு இயக்கத்தாரோடு கூடி, 1967-இல் இசுரேல் கைப்பற்றிய நிலப்பகுதியில் தனியரசு வேண்டும் என்னும் பொது அறிக்கையை ஆக்கியவர்களுள் ஒருவர். பேசத் தகுந்தவனைப் பூட்டி வைத்துவிட்டு, பேச ஆளில்லை என்று கைவிரிப்பது வல்லாண்மையின் பழைய உத்தி.

பாலத்தீனத்திற்காகக் கண்ணீர் விடும் தமிழன் ஈழத்தை மறப்பானாயின் அக்கண்ணீருக்குப் பொருளில்லை. பாலத்தீனத்தின் நண்பன் என்று உலக அரங்கில் பறைசாற்றிக்கொண்ட சிங்கள அரசே, 1984-இல் இசுரேலின் அலுவலகம் கொழும்பில் அமைய இடந்தந்து அந்நாட்டாரிடம் படைப்பயிற்சி பெற்றது. 1996 முதல் அந்நாட்டின் கிபிர் வானூர்திகளை வாங்கித் தமிழர் ஊர்கள்மேல் குண்டு வீசிற்று. சிறையிடும் முறையிலும் இரண்டும் ஒன்றே. 1979-இல் செயவர்த்தனா அரசு இயற்றிய ‘பயங்கரவாதத் தடைச் சட்டம்’ மூன்றாண்டுக்கு மட்டும் என்று சொல்லப்பட்டது. 1982-இல் நிலையான சட்டமாயிற்று. அமைச்சரின் ஆணையொன்றே ஒருவனைப் பதினெட்டுத் திங்கள் வரை வழக்கின்றி அடைத்து வைக்கப் போதுமானது. காவல்துறை மேலாளரிடம் அவன் அளித்ததாகச் சொல்லப்படும் ஒப்புரை சான்றாகும். அஃது அடித்து வாங்கப்பட்டது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் அடிபட்டவனையே சாரும்! 2022-இல் செய்த திருத்தத்தில் பதினெட்டு பன்னிரண்டாகக் குறைந்தது, சட்டம் நீங்கவில்லை.

அச்சட்டத்தின்கீழ் அடைபட்டோர் 1983-இல் எய்திய முடிவை உலகறியும். சூலை 25, 27 ஆகிய இரு நாள்களில் கொழும்பு வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே தமிழர் 53 பேர் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டனர். குட்டிமணி, தங்கதுரை, செகன் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். அரசின் காவலில் இருந்தவர்களைக் கொன்றவருள் ஒருவரேனும் தண்டிக்கப்படவில்லை.

1987 சூலை 29-இல் இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் கையெழுத்திட்ட உடன்பாட்டில், அச்சட்டத்தின்கீழ் சிறைப்பட்டோர்க்கும் போராளிகட்கும் பொதுமன்னிப்பு அளிப்பதாகத் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. எழுத்து இருந்தது; எண்ணம் இல்லை. அக்தோபர்த் தொடக்கத்தில் கடலில் பிடிபட்ட புலிகள் இயக்கத்தார் 17 பேரைப் பலாலிப் படைத்தளத்தில் வைத்து, அங்கிருந்து கொழும்புக்குக் கொண்டு செல்லச் சிங்கள அரசு முனைந்தது. குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட பன்னிருவர் அக்தோபர் 5-இல் நஞ்சுண்டு மாண்டனர். அடுத்த ஐந்தே நாள்களில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. பதினேழு பேரை விடுவிக்க மனமின்றி ஓர் உடன்பாட்டையே எரித்தனர். அத்தீயில் வெந்தவர் பல்லாயிரவர்.

இவ்வறத்தைப் பேசுவோர் தம் பக்கத்துக் கறையையும் மறைத்தலாகாது. அப்பன்னிருவரின் சாவுக்குப் பழியாகப் புலிகள் தம் பிடியிலிருந்த சிங்களப் படையாட்களைக் கொன்றனர். 1990 சூன் திங்களில் கிழக்கு ஈழத்தில் படைக்கலன்களைக் கீழே வைத்துப் பணிந்த காவலர் பல நூற்றுவரும் அவர்களால் கொல்லப்பட்டனர். கை கட்டப்பட்டவனைக் கொல்லுதல் எவர் செய்யினும் கொலையே. வெலிக்கடைக்கு ஓர் அளவும் இதற்கு வேறோர் அளவும் வைத்துக்கொண்டால், அறம் கேட்கும் தகுதியைத் தமிழினம் தானே இழந்ததாகும்.

2009 மே திங்களில் போர் முடிந்தபொழுது, உறவினர் தம் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்த தமிழர் பலர் திரும்பவில்லை. அவர்கள் எங்கே என்று கேட்டு 2017 பிப்பிரவரி 20-இல் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்து தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. மகனின் படத்தை ஏந்தியபடியே கண்மூடிய பெற்றோர் பலர். இறந்தான் என்றால் அழுது முடிப்பர். இருக்கிறான் என்றால் காத்திருப்பர். இரண்டும் சொல்லாமல் வைத்திருப்பதே கொடுமையிற் கொடுமை.

கொழும்பையும் இசுரேலையும் குற்றஞ்சாற்றும் தமிழ்நாடு, தன் வீட்டு முற்றத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இராசீவ் காந்தி கொலை வழக்கில் முப்பதாண்டுக்கு மேல் சிறையிலிருந்தோரை உச்ச அறமன்றம் 2022 நவம்பர் 11-இல் விடுவித்தது. அவர்களுள் ஈழத்தவராகிய நால்வர் வீடு செல்லவில்லை. அயல்நாட்டார் என்று கூறித் திருச்சிராப்பள்ளிச் ‘சிறப்பு முகாமில்’ அடைக்கப்பட்டனர். தாயைக் காண ஊர் திரும்பக் காத்திருந்த சாந்தன், 2024 பிப்பிரவரி 28-இல் சென்னை மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவருடைய உடலே ஈழம் சென்றது. எஞ்சிய மூவர் அவ்வாண்டு ஏப்பிரலில் அனுப்பப்பெற்றனர். விடுதலை என்று தீர்ப்பு எழுதிய பின்னும் பதினைந்து திங்கள் பூட்டி வைத்துப் பிணமாக அனுப்பியதற்குச் சிங்களனைக் குறை கூற முடியுமா?

சிறைக்கதவைத் திறந்தோர் அமைதியைக் கண்டிருக்கின்றனர். தென்னாப்பிரிக்கா 1990-இல் மண்டேலாவை விடுவித்தது. நான்காண்டில் நிறவெறி ஆட்சி வீழ்ந்தது. வட அயர்லாந்தில் 1998 ஏப்பிரல் 10-இல் உடன்பாடு கண்டோர், இரண்டாண்டுக்குள் இரு தரப்புச் சிறையாளிகளும் வெளிவர வேண்டும் என்று எழுதினர். எழுதியபடியே 400-க்கும் மேற்பட்டோரை வெளிவிட்டனர். கொல்லப்பட்டோரின் உறவினர்க்கு அது கசந்தது. ஆயினும் அவ்வுடன்பாடு நின்றது.

ஆதலின் பாலத்தீனத்திலாயினும் ஈழத்திலாயினும் அமைதி பேசுவோர் செய்ய வேண்டியவை மூன்று. வழக்கின்றிச் சிறையிடும் சட்டங்கள் அடியோடு நீங்க வேண்டும். அடைபட்டிருப்போர்மேல் குற்றம் இருப்பின் வெளிப்படையான அறமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். இல்லையேல் விடுவிக்க வேண்டும். காணாமற் போனோர் ஒவ்வொருவர்க்கும் அவர்தம் பெற்றோரிடம் விடை கூற வேண்டும். தமிழ்நாட்டரசு, ‘சிறப்பு முகாம்’ என்னும் பெயரில் மறுசிறை வைக்கும் வழக்கத்தை ஒழித்து, இக்கோரிக்கையைத் தன் வீட்டில் தொடங்கட்டும். குமரனின் பெயரைத் தெருவுக்கும் நினைவிடத்திற்கும் சூட்டியவர்கள், அவனைச் சாய்த்த தடி எவர் கையில் இருந்தாலும் எதிர்க்கக் கடமைப்பட்டவர்கள். அத்தடி தமிழன் கையிலிருந்தாலும்!