நீர்நிலை காப்போரைக் காப்போம்

குளிர்காலந்தோறும் வட ஆசியாவிலிருந்து நம் நாட்டிற்கு வலசை வரும் பறவைகளைக் காக்க, ஒன்றிய அரசு 2018இல் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. 2020 பிப்ரவரியில் வலசை உயிரினங்கள் குறித்த ஐ.நா. மாநாட்டைக் காந்திநகரில் நடத்தியது. ஆயினும் பறவை வந்திறங்க நீர்நிலை வேண்டும். அந்த நீர்நிலையை யார் காப்பது என்பதே அடிப்படைக் கேள்வி.

கிழக்கு கொல்கத்தா சதுப்புநிலம் இதற்கு விடை தருகிறது. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இங்கு, மாநகரின் கழிவுநீர் சூரிய ஒளியாலும் பாசியாலும் தூய்மையடைந்து மீன் வளர்க்கிறது, வயலுக்கும் பாய்கிறது. தலைமுறை தலைமுறையாக மீன்பண்ணைத் தொழிலாளரும் விவசாயிகளும் உழைத்துக் காத்த ஏற்பாடு இது. இதன் அருமையை உலகறியச் செய்தவர் மாநில அரசுப் பொறியாளராயிருந்த துருவஜோதி கோஷ்.

குடிமக்கள் அமைப்பொன்று மாநில அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் நிலப் பயன்பாட்டை மாற்றத் தடை விதித்தது. இடது முன்னணி ஆட்சிக் காலத்தில் 2002இல் இந்நிலம் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும் நீர்ப்பரப்பைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பும் நில வணிகர்களின் வேட்டை ஓயவில்லை. மீன் வளர்ப்பு நலிந்தால் தொழிலாளி வெளியேறுவார், அவ்விடத்தில் கான்கிரீட் நுழையும், பறவைக்கு இடமிராது.

தமிழகத்தின் வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை உணர்ந்து உழவர்களே பறவைகளைக் காத்தனர். அங்கும் இங்கும் பாடம் ஒன்றே.

ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட வேண்டும். கழிவுநீர் வரத்து தடையின்றிக் கிடைக்க வேண்டும். மீன்பண்ணைத் தொழிலாளர்க்கும் குத்தகை விவசாயிகளுக்கும் நிலவுரிமைப் பாதுகாப்பும், சதுப்புநில நிர்வாகத்தில் பங்கும் அளிக்கப்பட வேண்டும். உழைப்போரை விலக்கிவிட்டுப் பறவைகளைக் காக்க இயலாது.