பாலத்துக்குக் கீழே யார் போவது?

மரக்காணத்தைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போனால் வழியில் வருகிறது கூனிமேடு. ஒரு பக்கம் கடல். மறுபக்கம், கொஞ்சம் உள்ளே, கழுவேலி ஏரியின் சதுப்பு. வடக்கே மரக்காணம் உப்பளங்கள். இந்தச் சாலை நான்கு வழிச்சாலை ஆகப் போகிறது. மரக்காணம் - புதுச்சேரி இடையே 46 கிலோமீட்டருக்கு, 2,157 கோடி ரூபாயில் பணி நடக்க 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

சாலை அகலமானால் ஓடை, கால்வாய், கழி எல்லாவற்றின் மேலும் பாலங்கள் புதிதாக வரும். அகலம் எத்தனை, எவ்வளவு நிலம் போகும், எந்தக் கடை இடிபடும் என்று எல்லோரும் கேட்பார்கள். உயரம் எத்தனை என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால், பாலத்துக்குக் கீழே அடுத்த நூறு வருஷத்துக்கு எது போகலாம், எது போக முடியாது என்பதைத் தீர்மானிப்பது அந்த உயரம்தான்.

உலகம் படும் பாடு

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் டாம்பா என்ற துறைமுகம் இருக்கிறது. அதன் வாசலில் 1987-ல் திறந்த சன்ஷைன் ஸ்கைவே பாலம். தண்ணீரிலிருந்து பாலத்தின் அடிப்பகுதி வரை சுமார் 55 மீட்டர். கட்டிய காலத்தில் அது தாராளமான உயரம். அதன்பிறகு சொகுசுக் கப்பல்கள் மாடி மேல் மாடியாக வளர்ந்துவிட்டன. இன்றைய பெரிய கப்பல்கள் அந்தப் பாலத்துக்குள் நுழைய முடியாது. பாலத்தை உயர்த்தலாமா, புதிதாகவே கட்டலாமா என்று அங்கே பேச்சு நடக்கிறது.

2009-ல் ‘ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்’ என்ற பிரமாண்டக் கப்பல், பின்லாந்தில் கட்டி முடித்து அமெரிக்கா கிளம்பியது. வழியில் டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலம். பாலத்தின் உயரம் 65 மீட்டர். கப்பலின் உயரமோ 72 மீட்டர். புகைபோக்கிகளை உள்ளே இறக்கிக்கொண்டு, சொற்ப இடைவெளியில் தப்பித்துப் போனது.

நியூயார்க் துறைமுகத்தில் 1931-ல் திறந்த பயோன் பாலத்துக்கு இன்னொரு கதை. பெரிய கன்டெய்னர் கப்பல்கள் வருவதற்காக, 46 மீட்டரில் இருந்த பாலச் சாலையை 65 மீட்டருக்கு உயர்த்தினார்கள். நூறு கோடி டாலருக்கு மேல் செலவு. கட்டும்போது யோசிக்காவிட்டால், பிறகு கொடுக்கும் விலை அது.

நம் கடற்கரையில்?

‘நாமும் சொகுசுக் கப்பலுக்காகப் பாலத்தை உயர்த்த வேண்டுமா?’ என்று கேட்டால், இந்தக் கடற்கரையைப் பொறுத்தவரை பதில் சுலபம். தேவையில்லை.

சென்னைத் துறைமுகம் நேராகக் கடலைப் பார்த்திருக்கிறது. குறுக்கே பாலம் கிடையாது. 2022 ஜூனில் கோர்டேலியா சொகுசுக் கப்பல் அங்கிருந்து பயணத்தைத் தொடங்கியபோது யாரும் பாலத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. அதே நிறுவனத்தின் கப்பல் 2025 ஜூலையில் புதுச்சேரிக்கு வந்தபோது கரைக்கு வரவில்லை. கடலில் நங்கூரம் போட்டு நின்றது. பயணிகள் சிறிய படகுகளில் ஏறிக் கரை சேர்ந்தார்கள். அங்கே கப்பலைத் தடுத்தது ஆழம்தானே தவிர, பாலத்தின் உயரம் இல்லை.

தமிழ்நாட்டில் கப்பலும் பாலமும் உண்மையிலேயே மோதிக்கொள்ளும் இடம் பாம்பன். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம், கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிளந்து கை தூக்கும். ஊழியர்கள் கையாலேயே அதை இயக்கினார்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகிறது. அப்போது தண்ணீருக்கும் பாலத்துக்கும் இடையே 22 மீட்டர் கிடைக்கிறது.

அதென்ன 22 மீட்டர் கணக்கு? பக்கத்திலேயே 1988-ல் திறந்த சாலைப் பாலம் நிற்கிறது. அது அசையாது. அதன் உயரத்துக்குச் சமமாக ரயில் பாலம் தூக்கினால் போதும். அதற்கு மேல் தூக்கினாலும் பயனில்லை. ஒரு நீர்வழியில் பத்துப் பாலம் இருந்தாலும், எது தாழ்வோ அதுதான் சட்டம். இந்தப் பாடம்தான் கூனிமேட்டுப் பக்கம் தேவைப்படுகிறது.

படகு ஓடிய கால்வாய்

ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை, கடலை ஒட்டியே சுமார் 420 கிலோமீட்டர் ஓடுகிறது பக்கிங்காம் கால்வாய். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே தோண்ட ஆரம்பித்தார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது, பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். உப்பும் விறகும் நெல்லும் படகிலேயே சென்னைக்குப் போயின. கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டிப் படகை இழுத்த காலம் அது.

பிறகு லாரியும் ரயிலும் வந்தன. 1960, 70-களின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. தூர் சேர்ந்தது. சென்னைக்குள் பறக்கும் ரயிலுக்காகக் கால்வாய்க்குள்ளேயே தூண்கள் முளைத்தன. இனிப் படகு வராது என்ற நினைப்பில் ஆங்காங்கே தாழ்வான பாலங்களும் வந்தன. பாலம் தாழ்ந்ததால் வர நினைத்த படகுக்கும் வழி இல்லாமல் போனது.

2008-ல் இதே கால்வாயை, காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை, தேசிய நீர்வழி எண் 4 என்று மத்திய அரசு அறிவித்தது. மரக்காணத்திலிருந்து கழுவேலி வழியாகப் புதுச்சேரி வரையிலான கடைசித் துண்டும் அதில் அடக்கம். நீர்வழி என்று அறிவிப்பது ஒரு நாள் வேலை. வழியில் நிற்கும் ஒவ்வொரு பாலத்தையும் இடித்துக் கட்டுவது அப்படியல்ல.

உயரத்துக்கும் விலை உண்டு

‘அப்படியானால் எல்லாப் பாலத்தையும் உயரமாகவே கட்டிவிடலாமே’ என்று தோன்றும். இங்கே ஒரு எளிய கணக்கு. சமவெளிச் சாலையில் வண்டி சிரமமில்லாமல் ஏற, 30 மீட்டர் ஓட்டத்துக்கு 1 மீட்டர் ஏற்றம் என்பது வழக்கமான சரிவு. பாலத்தை 1 மீட்டர் கூட்டினால் இரண்டு பக்கமும் சரிவு 30 மீட்டர் நீளும். பாம்பன் மாதிரி 22 மீட்டர் வேண்டுமானால் பக்கத்துக்கு 660 மீட்டர். பெரிய சொகுசுக் கப்பலுக்காக 65 மீட்டர் என்றால் பக்கத்துக்கு 2 கிலோமீட்டர்! ஊரே சரிவுக்கு அடியில் போய்விடும்.

சரிவு நீண்டால் சாலையோரக் கடை மறைகிறது. மாதா கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ மாரியம்மன் கோயிலுக்கோ எதிர்ப்பக்கம் போகச் சுற்ற வேண்டியிருக்கிறது. உப்புப் பாத்தியில் கொஞ்சம் மண்ணுக்கடியில் போகிறது. கழுவேலி 2021 டிசம்பரிலிருந்து பறவைகள் சரணாலயம். அங்கே பெரிய மோட்டார் படகு ஓடுவதே சரியா என்ற கேள்வியும் இருக்கிறது.

யாருக்காக அளப்பது?

எனவே இந்தப் பக்கத்துப் பாலங்களை மூன்று பேரை வைத்து அளக்கலாம்.

முதலாவது, வெள்ளம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. மயிலத்தில் 50-ஐத் தாண்டியது. அவ்வளவு தண்ணீரும் கழுவேலி, ஓடை, முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். பாலம் தாழ்வாக இருந்தால் ஆகாயத்தாமரையும் முள்மரமும் வந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் திரும்பி வயலுக்கும் உப்பளத்துக்கும் ஏறும்.

இரண்டாவது, தூர்வாரும் மிதவை இயந்திரம். அது பாலத்துக்கு அடியில் நுழைய முடியாவிட்டால், ஒவ்வொரு பாலத்திலும் கிரேன் வைத்துத் தூக்கி அந்தப் பக்கம் விட வேண்டும். அதனாலேயே வேலை தள்ளிப்போகும்.

மூன்றாவது, சிறு படகு. ஃபைபர் படகில் ஒருவர் நிமிர்ந்து நின்று போக 3 மீட்டர் இருந்தால் போதும். மழைக்காலத்தில் சாலை மூழ்கினால் ஆட்களை மீட்க வருவதும் இந்தப் படகுதான்.

இந்த மூன்று பேருக்கும் வழிவிடும் உயரத்துக்கு 2 கிலோமீட்டர் சரிவு வேண்டாம். கோடை நாளில் வற்றிக் கிடக்கும் தண்ணீரிலிருந்து அளக்காமல், மழைக்கால வெள்ள மட்டத்திலிருந்து அளந்தால் சரி. வரைபடத்தில் இருக்கும்போது இது ஒரு கோட்டை மேலே தள்ளிப் போடுகிற வேலை. கான்கிரீட் ஊற்றிய பிறகு, கோடிக்கணக்கில் ஆகும் வேலை.

சாலைக்காக அளவெடுக்க வருபவர்களிடம் கூனிமேட்டுக்காரர்கள் ‘எங்கள் இடம் எவ்வளவு போகும்?’ என்று கட்டாயம் கேட்பார்கள். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கலாம்: ‘ஃபெஞ்சல் அன்றைக்குத் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே, இந்தப் பாலம் எத்தனை அடி?’