மனசு சரியில்லையா? பெரிய மார்க்கெட்டுக்கு வா!

"அக்கா, மனசு சரியில்லைன்னா வாக்கிங் போ, பாட்டு கேளுன்னு எல்லாரும் சொல்றாங்க. என்னைச் சாதி பேர் சொல்லித் திட்டினவன் நாளைக்கும் அதே வகுப்புலதான் உட்காருவான். நான் வாக்கிங் போனா அவன் திருந்திடுவானா?"

புதுச்சேரியில் மாணவர்களோடு உட்கார்ந்து பேசும்போதெல்லாம் ஏதாவது ஒரு வடிவத்தில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. நியாயமான கேள்வி. நேர்மையான பதில்: திருந்த மாட்டான்.

மனசை லேசாக்கும் வழிகள் என்று சொல்லித்தரப்படுபவற்றில் பாதிக்கு மேல் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. கெட்ட நாள் என்பது வானத்திலிருந்து விழுவதுபோலப் பேசுகிறார்கள். நம்முடைய கெட்ட நாட்களில் பலவற்றுக்கு முகவரி உண்டு. வராத உதவித்தொகை, "கோட்டாவா?" என்ற கேள்வி, வீட்டு விலாசத்தைச் சொன்னதும் மாறுகிற முகம். 2016 ஜனவரியில் ரோகித் வெமுலாவையும் 2019 மே மாதத்தில் பாயல் தட்வியையும் இழந்தோம். அவர்களுடைய தாய்மார்கள் இருவரும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். கல்வி நிலையங்களில் நடக்கும் பாகுபாட்டை நிறுத்துங்கள் என்று கேட்டார்கள். காரணத்தை ஒழிக்கிற வழி அதுதான். அதற்கு மாற்றாக எந்த மூச்சுப் பயிற்சியும் கிடையாது.

ஆனால் வழக்கு வருடக்கணக்கில் நடக்கும். இன்றைய சாயங்காலத்தை இன்றைக்கே கடக்க வேண்டும். சாப்பிடாமல், தூங்காமல், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிற தோழர் நாளைக்கு மனு எழுத மாட்டார். நம்மை எழவிடாமல் செய்வது சாதியின் வேலைகளில் ஒன்று. எழுந்து நிற்பது நம் வேலைகளில் ஒன்று. அதனால் மனசைப் பார்த்துக்கொள்வதைச் சுயநலம் என்றோ சொகுசு என்றோ நினைக்காதீர்கள். அது இயக்க வேலை.

எப்படிச் செய்வது? மனசு சரியானதும் வெளியே போகலாம் என்று காத்திருக்கிறோம். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. மனசு சோரும்போது ஒதுங்குகிறோம். ஒதுங்கினால் நமக்குக் கொஞ்சம் சந்தோஷம் தந்தவையும் நின்றுபோகின்றன. அதனால் இன்னும் சோர்கிறோம். இந்தச் சுற்றை உடைக்க வேண்டுமானால், விருப்பம் வரும்வரை காத்திராமல் சின்னதாக ஒரு வேலையைச் செய்துவிட வேண்டும். மனசு பின்னால் வரும்.

இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. கோவாவில் விக்ரம் பட்டேலும் 'சங்கத்' அமைப்பினரும் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வில் இருந்த 495 பேரிடம் இந்த முறையைச் சோதித்தார்கள். ஆலோசனை சொன்னவர்கள் டாக்டர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர்க்காரர்கள். ஆறு முதல் எட்டு சந்திப்புகள்தான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இந்த ஆலோசனையும் பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். முடிவுகள் 2017இல் 'லான்செட்' இதழில் வந்தன.

நம் ஊரில் இதற்கு நான் சொல்லும் இடம் பெரிய மார்க்கெட். பிரெஞ்சுக்காரன் காலத்தில் வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கருப்பு நகரம். இன்றைக்குக் கிழக்குப் பக்கம் போய் ஒரு காபி கடையில் 'ரிலாக்ஸ்' பண்ண வேண்டுமென்றால் ஒரு நாள் சாப்பாட்டுக் காசு போய்விடும். மேற்கே, நேரு வீதியிலிருந்து மார்க்கெட்டுக்குள் நுழையக் காசு வேண்டாம். ஊரில் "நீ எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். இங்கே "என்ன வேணும் கண்ணு?" என்றுதான் கேட்பார்கள். கூட்டத்தில் ஒருவராக, யாருக்கும் விலாசம் சொல்லாமல் நடக்க முடிவதே நம்மில் பலருக்குப் பெரிய ஓய்வு. கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போங்கள் என்று அம்பேத்கர் சொன்னதில் இந்த மூச்சும் அடங்கியிருக்கிறது.

மார்க்கெட்டில் சாதி இல்லை என்று சொல்லவில்லை. மீன் கழிவையும் அழுகிய காய்கறியையும் அள்ளுகிறவர்கள் யார் என்று பார்த்தாலே தெரியும். அவர்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

காலையில் போங்கள். பூக்கடைப் பக்கம் போனால் மல்லியும் சாமந்தியும் மரிக்கொழுந்தும் சேர்ந்து ஒரு வாசம். மீன் பக்கம் போனால் அம்மாக்களின் பேரம். போன் பையிலேயே இருக்கட்டும். வன்கொடுமை வீடியோவை நூறாவது முறை பார்ப்பதால் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பலனும் இல்லை. மூன்று பேரிடமாவது பேசுங்கள். விலை கேட்பதும் பேச்சுதான். ஒரு முழம் பூவோ நாலு வாழைப்பழமோ வாங்கி இன்னொருவருக்குக் கொடுங்கள். முடிந்தால் ஒரு தோழரைக் கூட்டிக்கொண்டு போங்கள். புதுச்சேரியில் இல்லாதவர்கள் உங்கள் ஊர்ச் சந்தைக்கோ பேருந்து நிலையத்துக்கோ நூலகத்துக்கோ போங்கள். காசில்லாமல், கேள்வியில்லாமல் இருக்க முடிகிற இடமாக இருந்தால் போதும்.

திரும்பி வந்ததும் ஒரு நோட்டை எடுங்கள். அன்றைக்கு அவமானம் நடந்திருந்தால் தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, அப்போது அங்கே இருந்தவர்கள் என்று எழுதுங்கள். தலைக்குள் சுற்றுவது தாளில் இறங்கும்போது பாரம் கொஞ்சம் குறையும். இன்னொரு பயனும் உண்டு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்தவரைச் சேராத ஒருவர் பொதுப் பார்வையில் சாதிப் பேர் சொல்லித் திட்டுவது குற்றம். அந்தப் 'பொதுப் பார்வை'யை நிரூபிக்க, யார் பார்த்தார்கள் என்ற குறிப்பு முக்கியம். மனசுக்காக எழுதியது வழக்குக்கும் உதவும்.

சந்தோஷமாக இருக்கக் கூச்சப்படாதீர்கள். இவ்வளவு அநியாயத்துக்கு நடுவில் சிரிக்கலாமா என்று சில தம்பிகள் கேட்கிறார்கள். இந்த நாட்டின் அரசியல் சட்டத்தை வரைந்த மனிதர் வயலின் கற்றுக்கொண்டார், தோட்டம் போட்டார், நாய் வளர்த்தார். பாபாசாகேபுக்கு நேரம் இருந்ததென்றால் நமக்கும் இருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் கெட்ட நாளுக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் போய்க் கிடந்தால் அது நோயாக இருக்கலாம். மார்க்கெட் போதாது. 14416 டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. யாராவது செத்துவிடலாம் போலிருக்கிறது என்று சொன்னால், விளையாட்டு என்று விடாதீர்கள். நேராகக் கேளுங்கள். தனியாக விடாதீர்கள். கூடவே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாணவர் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில், ஒரு வாரமாகக் கண்ணில் படாத தோழர் யார் என்று கேளுங்கள். இரண்டு பேர் அவருடைய அறைக் கதவைத் தட்டிக் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள். துண்டறிக்கையை அப்புறம் அச்சடிக்கலாம்.

ஜெய்பீம்.